பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

‘இந்த விண்டோஸ் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது’ என்று ஓர் அறிவிப்பு பல வீடுகளில் லேப்டாப்பைத் திறந்ததுமே வந்து நிற்கிறது. இது மோசடி மெசேஜ் இல்லை, உண்மைதான். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக அவசர அவசரமாக வாங்கியது, அண்ணன் கல்லூரி முடித்ததும் தங்கைக்குக் கைமாறியது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்று வீடுகளில் இருக்கும் எத்தனையோ லேப்டாப்களில் ஓடுவது இந்த விண்டோஸ் 10-தான்.

உடனே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். “புதுசு வாங்கிடலாம்ப்பா” என்பார் மகன். “நல்லாத்தானே ஓடுது, எதுக்கு?” என்பார் அப்பா. “வாங்கறதுன்னா மேக் வாங்கலாம்” என்பார் மகள். லினக்ஸ் போட்டால் காசே வேண்டாம் என்று பக்கத்து வீட்டு இன்ஜினீயர் சொல்லிவிட்டுப் போவார். நான்கு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. குடும்ப பட்ஜெட்டில் பெரிய தொகை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், நிதானமாகப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

ஆதரவு முடிந்தால் லேப்டாப் நின்றுவிடுமா?

நிற்காது. நேற்று ஓடியதுபோலவே இன்றும் ஓடும். ஆனால், மென்பொருளில் புதிதாக ஏதாவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்க இனி அப்டேட் வராது. கதவுப் பூட்டில் கோளாறு என்று ஊருக்கே தெரிந்த பிறகும் பூட்டை மாற்றாமல் இருப்பதுபோலத்தான் இது.

இதன் விளைவு என்ன என்பதை 2017 மே மாதம் உலகமே பார்த்தது. ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவி, கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களும், ஆதரவு முடிந்துபோன பழைய விண்டோஸ் வைத்திருந்தவையும்தான் மாட்டிக்கொண்டன.

உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதிக்குப் போனால் அதற்குப் பதிவு செய்யும் வசதி இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் கிடையாது. இது நிரந்தரத் தீர்வு இல்லை. யோசிக்கக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான்.

முதலில் ஒரு பேப்பரும் பேனாவும்

‘எது சிறந்தது?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘எங்கள் வீட்டுக்கு எது போதும்?’ என்று கேட்டால் கிடைக்கும். லேப்டாப்பில் வீட்டில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

மின்கட்டணம், ரயில் டிக்கெட், வருமான வரிக் கணக்கு, யூடியூப், இமெயில், வீடியோ கால், டிஜிலாக்கர் எல்லாமே பிரவுசரில் நடக்கும் வேலைகள். இவற்றுக்கு எந்த கம்ப்யூட்டரானாலும் சரி. அடுத்து, குறிப்பிட்ட மென்பொருள் இல்லாமல் நடக்காத வேலைகள். கடைக் கணக்குக்கு டேலி, டிசைன் வேலைக்கு போட்டோஷாப், இன்ஜினீயரிங் மாணவருக்கு சாலிட்வொர்க்ஸ் போன்றவை இந்த வகை. உங்கள் பட்டியலில் இரண்டாவது வகை எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

விண்டோஸ்: எல்லாக் கடைக்கும் பொருந்தும் சாவி

விண்டோஸின் பெரிய பலம் அதன் பரவல். தெருமுனை சர்வீஸ் கடைக்காரருக்கு அது தெரியும். பிரின்டர், ஸ்கேனர், பயோமெட்ரிக் கருவி என்று எதை வாங்கினாலும் விண்டோஸில் வேலை செய்யும் என்று நம்பி வாங்கலாம். டேலி விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. ஆடிட்டர் அலுவலகங்களில் பயன்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் பெரும்பாலும் விண்டோஸில்தான் தொல்லையில்லாமல் இயங்குகின்றன. விளையாட்டுப் பிரியர்களுக்கும் இதுதான் வசதி.

குறை என்னவென்றால், 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 எல்லா கம்ப்யூட்டரிலும் ஏறாது. குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, ஓரளவு புதிய பிராசஸர் எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். செட்டிங்ஸில் பிராசஸரின் பெயர் ‘ஐ5-7200யூ’ என்று இருந்தால், கோட்டுக்கு அடுத்த 7 என்பதுதான் தலைமுறை. ‘ஐ5-8250யூ’ என்றால் 8. ‘ஐ5-1135ஜி7’ என்றால் 11.

மைக்ரோசாஃப்ட் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவச மென்பொருளும் இதைச் சோதித்துச் சொல்லும். 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருந்தும் ‘பொருந்தாது’ என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். டிபிஎம் வசதி கம்ப்யூட்டரில் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். விவரம் தெரிந்த டெக்னீஷியன் ஐந்து நிமிடத்தில் அதை இயக்கிக் கொடுப்பார். இந்த ஒரு சோதனையால் புது லேப்டாப் செலவே மிச்சமாகலாம்.

‘பொருந்தாவிட்டாலும் 11-ஐ ஏற்றித் தருகிறேன்’ என்று சொல்லும் கடைகள் உண்டு. ஏற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால், பொருந்தாத கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ‘கிராக்’ போட்ட விண்டோஸ் அதைவிட மோசம். பூட்டை உடைக்கும் அந்த மென்பொருளோடு சேர்ந்து என்னென்ன உள்ளே வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் பேங்க் பாஸ்வேர்டை டைப் செய்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மேக்: விலை அதிகம், உழைப்பும் அதிகம்

மேக்கையும் விண்டோஸையும் எதிரிகள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்று ஆபீஸ் வேலையின் அடையாளமாகிவிட்ட எக்செல், 1985-இல் முதலில் வந்தது ஆப்பிளின் மெக்கின்டாஷில்தான். விண்டோஸுக்கு வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. 1997-இல் ஆப்பிள் தள்ளாடியபோது 15 கோடி டாலர் முதலீடு செய்ததும் மைக்ரோசாஃப்ட்தான். வேர்டும் எக்செலும் இன்றும் மேக்கில் நன்றாகவே ஓடுகின்றன.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தத் தயாரிப்பான எம்1 சிப்பை மேக்கில் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த மேக்புக் ஏர், மின்விசிறிச் சத்தமே இல்லாமல், அதிகம் சூடாகாமல், ஒருமுறை சார்ஜ் செய்தால் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது. எழுதுபவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள், வெளியே எடுத்துச் சென்று வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு அருமையான கருவி. மாணவர்களுக்கு ஆப்பிள் தனிச் சலுகை விலையும் தருகிறது. வாங்குமுன் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால், மேக்கில் ரேமையும் ஸ்டோரேஜையும் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். ஸ்கிரீன் உடைந்தால் செலவு கையைக் கடிக்கும். டேலி நேரடியாக ஓடாது. இன்னொரு சின்னத் தொல்லையும் உண்டு. விண்டோஸில் ‘என்டிஎஃப்எஸ்’ முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்க்கையோ மேக்கில் போட்டால் படிக்கலாம், எழுத முடியாது. ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மேட் செய்தால் இரண்டிலும் வேலை செய்யும்.

செகண்ட் ஹேண்ட் மேக் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2025-இல் வந்த ‘டஹோ’தான் இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. மிக மலிவாக விற்பனைக்கு வரும் பழைய மேக்புக்குகளில் பல இன்டெல் வகைதான். ‘எம்’ வரிசை சிப் இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் யோசித்து வாங்குங்கள்.

குரோம்புக்: பிரவுசர் போதும் என்பவர்களுக்கு

கூகுளின் குரோம்புக் 2011-இல் அறிமுகமானது. பிரவுசர்தான் இதன் உயிர். சில நொடிகளில் திறந்துவிடும். அப்டேட் தானாக நடக்கும். வழக்கமான விண்டோஸ் வைரஸ்கள் இதில் ஓடாது. பாடம் படிக்க, வீடியோ பார்க்க, கூகுள் டாக்ஸில் எழுத வசதியானது. பல மாடல்களில் ஆண்ட்ராய்டு ஆப்களையும் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக் குழந்தைகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஏற்றது.

இணையம் இல்லாவிட்டால் இதில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கனமான மென்பொருள்கள் எதுவும் ஏறாது. வாங்குமுன் அந்த மாடலுக்கு எந்த ஆண்டுவரை அப்டேட் உண்டு என்று பாருங்கள். 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டுகள் என்று கூகுள் சொல்கிறது. ஆனால், அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்காது. அந்த மாடலுக்கு அடிப்படையான வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து தொடங்கும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் ஏமாற வாய்ப்பு இங்கேதான்.

லினக்ஸ்: ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது

லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக ஓடும் இன்ஜினீயர் சமாசாரம் என்ற பயம் பலருக்கு உண்டு. நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்த நிமிடம் நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருப்பதும் லினக்ஸ்தான். ஆண்ட்ராய்டின் அஸ்திவாரம் லினக்ஸ் கெர்னல். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை, இன்று உலகமெங்கும் சர்வர்கள் முதல் செல்போன்கள்வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸான ‘பாஸ்’, சென்னையில் வளர்ந்தது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மாணவர்கள் பலர் விண்டோஸ் பக்கமே போனதால் அது கவனத்துக்கு வராமல் போயிற்று. பக்கத்து மாநிலமான கேரளாவிலோ அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. ‘கைட்’ என்ற அரசு அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதுமளவுக்கு எளிமையானதுதான் லினக்ஸ் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வீட்டுக்கு என்றால் ‘லினக்ஸ் மின்ட்’, ‘உபுண்டு’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மின்ட்டின் தோற்றம் பழைய விண்டோஸைப் போலவே இருக்கும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். இரண்டுமே இலவசம், சட்டப்படி இலவசம். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 ஏறாத 6-ஆம், 7-ஆம் தலைமுறை லேப்டாப்களில்கூட இவை நன்றாக ஓடுகின்றன.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், போட்டோஷாப், டேலி ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும். ஆனால், பக்க அமைப்பு சில நேரம் இடம் மாறும். பயோடேட்டா போன்றவற்றை பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. பழைய பிரின்டர்கள் சில மக்கர் செய்யும். கேமரா வழியாகக் கண்காணிக்கும் ஆன்லைன் தேர்வு மென்பொருள்கள் பலவும் விண்டோஸ் அல்லது மேக் கேட்கின்றன. கல்லூரியில் விசாரித்துக்கொள்வது நல்லது.

லினக்ஸை நிரந்தரமாக ஏற்றாமலேயே முயன்று பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அதை எழுதி, கம்ப்யூட்டரை அதிலிருந்து இயக்கினால் போதும். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, கேமரா தெரிகிறதா, பிரின்டர் அடிக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பிடித்துப்போய் ‘இன்ஸ்டால்’ செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும். டிஸ்க் முழுவதையும் அழிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவும் சேர்ந்தே போய்விடும்.

தமிழில் டைப் செய்ய முடியுமா?

எல்லாவற்றிலும் முடியும். தமிழக அரசு 1999-இல் அறிவித்த தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலுமே கூடவே வருகிறது. செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும். ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்துகளின் ஒலிப்படி டைப் செய்து பழகியவர்களுக்கு விண்டோஸில் ஒலிப்பு முறையும், மேக்கில் அஞ்சல் முறையும் இருக்கின்றன.

சிக்கல் பழைய கோப்புகளில்தான். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் டைப் செய்த பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், சங்கக் கணக்குகள் ஆகியவற்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத எழுத்துகளாகத் தெரியலாம். அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச வசதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய கம்ப்யூட்டர் நல்ல நிலையில் இருக்கும்போதே மாற்றி வைத்துவிடுங்கள். டிடிபி வேலை செய்பவர்கள் அவசரப்பட்டு விண்டோஸை விட வேண்டாம்.

யாருக்கு எது?

கடைக் கணக்கு, ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையெழுத்து வேலை இருந்தால் விண்டோஸ் 11. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இன்ஜினீயரிங், ஆர்க்கிடெக்சர் சேரும் பிள்ளைக்கு முதல் நாளே லேப்டாப் வாங்க வேண்டாம். எந்த மென்பொருள் கற்றுத்தருவார்கள் என்று துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் விண்டோஸ் என்றுதான் பதில் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் விண்டோஸோடு லினக்ஸும் பழகினால் வேலை தேடும்போது உதவும்.

வீடியோ, இசை, எழுத்துத் தொழிலில் இருந்து, ஆறேழு வருடம் மாற்றாமல் வைத்திருக்க நினைப்பவர்களுக்கு மேக் கட்டுப்படியாகும். செலவை வருடக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் விலை அவ்வளவு பயமுறுத்தாது.

பள்ளிக் குழந்தையின் படிப்புக்கும் தாத்தா பாட்டியின் வீடியோ காலுக்கும் குரோம்புக் போதும். பழைய லேப்டாப்பே இருந்தால் அதில் லினக்ஸ் மின்ட் போடலாம். அல்லது கூகுள் இலவசமாகத் தரும் ‘குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்’ போடலாம். ஃப்ளெக்ஸில் ஆண்ட்ராய்டு ஆப்கள் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

‘லேப்டாப் மெதுவாகிவிட்டது’ என்பதற்காக மட்டும் புதிது வாங்க நினைப்பவர்கள், உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, முடிந்தால் ரேமை 8 ஜிபி ஆக்கினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். அதற்கு ஆகும் செலவு புது லேப்டாப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

மாறுவதற்கு முன் மூன்று வேலைகள்

முதலாவது, பேக்கப். போட்டோ, சான்றிதழ், கணக்குக் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதியும் இருக்கட்டும். பிரதி எடுத்ததோடு விடாமல், வேறு கம்ப்யூட்டரில் அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, பாஸ்வேர்டுகள். பிரவுசரே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் பாஸ்வேர்டுகள் உங்களுக்கும் தெரியுமா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பழையதை விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், டிஸ்க்கை முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள். ஓடவே ஓடாது என்றால் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்ற செய்தியை மோசடிக்காரர்களும் படித்திருப்பார்கள். ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்’ என்று திரை முழுக்க சிவப்பில் ஏதாவது வந்தாலோ, மைக்ரோசாஃப்ட்டில் இருந்து பேசுவதாக யாராவது போன் செய்தாலோ நம்ப வேண்டாம். வைரஸ் இருப்பதாகச் சொல்ல மைக்ரோசாஃப்ட் யாருக்கும் தானாகப் போன் செய்வதில்லை. கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் எதையும், யார் சொன்னாலும் போடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டு லேப்டாப்பின் பிராசஸர் எந்தத் தலைமுறை, ரேம் எவ்வளவு, உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்ற மூன்றை மட்டும் குறித்து வையுங்கள். அந்த மூன்று விடைகளோடு கடைக்குப் போனால், கடைக்காரர் விற்க நினைப்பதை வாங்கிவராமல், வீட்டுக்குத் தேவையானதை வாங்கிவரலாம். எதுவுமே வாங்காமல் திரும்பி வந்தாலும் லாபம்தான்.